ஈஸ்ட் போடாத தொட்டி

மூன்றாம் நாளும் நாலாம் தொட்டி அசையவில்லை. மற்ற மூன்று தொட்டிகளில் கடையில் வாங்கிய ஈஸ்டைப் போட்டிருந்தார்கள். அவை மறுநாளே நுரைத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. இதில் எதுவும் போடவில்லை. பாலைவனத்துத் திராட்சையின் தோலோடு ஈஸ்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுவே சாற்றை ஒயினாக்கிவிடும் என்று அடித்துப் பேசியவள் அவள்தான். ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. ஆலை அவளுடைய நாத்தனாருடையது.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். வெறும் பழ வாசனை. சர்க்கரை அளக்கும் மிதவையைச் சாற்றில் போட்டுப் பார்த்தாள். காலையில் இருந்த அளவேதான். அந்த வெயிலில் பழுத்ததில் சர்க்கரை அதிகம். ஈஸ்டுக்கே திகட்டிவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஏணியில் ஏறினாள்.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தால நான்கூட இவ்வளவு நடக்கல," என்றான் கணவன்.

"அவ வருவான்னு தெரியும். இது வருமான்னே தெரியல."

மதியம் நாத்தனார் வந்து கெடு வைத்தார். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டுடு. நாலாயிரம் லிட்டர்மா, விளையாட்டில்ல."

மறுநாள் எட்டு மணிக்கு முகர்ந்தபோது நகப்பூச்சு வாசனை லேசாக அடித்தது. வேண்டாத கிருமிகள் உள்ளே கடை விரிக்கின்றன. ஒரு பாக்கெட்டை எடுத்து வாளியில் வெதுவெதுப்பான நீரில் கரைத்தாள். ஊற்றிவிட்டால் மாலைக்குள் பொங்கிவிடும். தானாக வந்தது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? நுரைத்த வாளியோடு ஏணியில் ஏறினாள்.

"என்னம்மா அது?" கீழே நாத்தனார்.

பொய் வாய்வரைக்கும் வந்தது. "ஈஸ்ட், அண்ணி."

"கெடுவுக்கு இன்னும் நேரம் இருக்கே. ஊத்திட்டு, தானா வந்துச்சுன்னு சொல்லப் போறியா?"

அவள் வாளியைத் தொட்டி விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்தாள்.

"நீ சொன்னதை நான் நம்பல. நீ நம்புறேன்னுதான் தொட்டியைக் கொடுத்தேன்."

அவள் இறங்கி வந்து வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். முகம் எரிந்தது. "வாசனை சரியில்ல, அண்ணி. கெட்டுப்போனாலும் போயிடும்."

"போகட்டும். யார் சொன்னது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னும் ஒரு நாள்."

அன்று மாலை, சாற்றின் மேல் அடையாகக் கிடந்த திராட்சைத் தோல்கள் வாயு முட்டி, விரிசல் விட்டு மேலே எழும்பின. அவள் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். எலுமிச்சை வடிவில் குட்டிக் குட்டியாக ஈஸ்ட், மொட்டு விட்டுக்கொண்டு. ஓடிப்போய் நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மகிழ்ச்சி நான்கு நாள்தான். சாராயம் ஏற ஏற அவை செத்து, தொட்டி மறுபடி அடங்கியது. வேறொரு ஈஸ்ட் தலையெடுத்தால்தான் மீதிச் சர்க்கரை கரையும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் அந்த வேறு ஈஸ்ட் நீள்வட்டமாக இரண்டு மூன்று தென்பட்டன. பன்னிரண்டாம் நாள் எங்கு பார்த்தாலும் அவைதான்.

மற்றவை பத்து நாளில் முடித்ததை இது நாற்பது நாள் இழுத்தடித்தது. நாத்தனார் நான்கையும் வரிசையாகச் சுவைத்தார்.

"அந்த மூணும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைங்க. இது என்னமோ முறைச்சுக்கிட்டே இருக்கு."

"பிடிச்சிருக்கா, அண்ணி?"

"தெரியல," என்று கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் கொடு."