சாப்பாட்டு முரசு

சீக்கியப் படையின் சமையல்காரன் நத்தா சிங் நூறு பேருக்கு அசராமல் ரொட்டி சுடுவான். குதிரையைக் கண்டால் மட்டும் உதறல் எடுத்துவிடும். படையின் முரசு குதிரை முதுகில் கட்டியிருக்கும். சாப்பாடு தயாரானால் தள்ளி நின்று, கையை எட்டி நீட்டி அடிப்பான். போர் முரசு அடிக்க அவனுக்குத் தெரியாது.

"அது கடிக்காதுண்ணே. உங்க தொப்பையப் பாத்து அதுதான் பயந்து கெடக்கு," என்பாள் ராம் கௌர். போன சண்டையில் கால் முறிந்து, காயம்பட்ட பத்துப் பேரோடு பியாஸ் ஆற்றங்கரைப் புதருக்குள் படுத்திருந்தாள். வாய் மட்டும் முறியவில்லை.

அன்று நடுப்பகலில் மற்றவர்கள் முரசுக் குதிரையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற குதிரைகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போயிருந்தார்கள். நத்தா பருப்பை அடுப்பில் ஏற்றினான். ஈர விறகு, புகை மேலே கிளம்பியது. அதைப் பார்த்து, அவர்களைத் தேடி அலைந்த எதிரிகளான லாகூர் குதிரைப்படை வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, முரசை அடிங்க! நம்மாளுங்க வந்துருவாங்க!"

"இங்க நின்னு அடிச்சா அவனுங்க நேரா உங்ககிட்டல்ல வருவானுங்க?"

முரசை அவிழ்க்க நேரமில்லை. நத்தா குதிரையைப் பார்த்தான். குதிரையும் அவனைப் பார்த்தது. "வாஹேகுரு!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறிவிட்டான். வெட்டவெளியில் விழாத குறையாக ஓட்டியபடி, தெரிந்த ஒரே அடியை அடித்தான். எதிரிகள் புதரை விட்டுவிட்டு அவனைத் துரத்தினார்கள். தோளில் அம்பு தைத்தது. மற்றக் கையால் அடித்தான்.

மூன்று நாளாக வறுத்த கடலை தின்றவர்கள் காதில் சாப்பாட்டு முரசு விழுந்தால் கேட்கவா வேண்டும்? ஈரத் தலையோடு மொத்தப் படையும் பறந்து வந்தது. போர் முரசுக்கு அவ்வளவு வேகமாக வந்திருப்பார்களா என்பது சந்தேகந்தான். லாகூர்க்காரர்கள் வந்த வழியே ஓடினார்கள்.

"சாப்பாடு எங்கப்பா?" என்றார் தலைவர் சுஜான் சிங்.

"பருப்பு இன்னும் வேகல தலைவரே. பொய்யா முரசு அடிச்சிட்டேன். ஒரு மாசம் எல்லார் பாத்திரமும் தேய்க்கிறேன்."

அப்போதுதான் தலைவர் அம்பைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. புதருக்குத் திரும்பியதும் ராம் கௌர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை, அழுதுகொண்டே அவன் தோளுக்குக் கட்டுப் போட்டாள்.

எல்லோரும் கூடி உட்கார்ந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "தப்பு தப்புதான், தண்டனை உண்டு. இனிமே முரசுக் குதிரை உன்னோடது. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால நீதான் போவணும்."

அம்பு தைத்தபோதுகூட வெளுக்காத நத்தாவின் முகம் வெளுத்துப்போனது.

"தலைவரே, ரெண்டு மாசமா தேய்ச்சிடுறேனே!"