தண்டபாணி கழற்றாமல் விட்டது

மேகலா சேலத்தில் வாங்கிய பழைய ஃப்ளாட்டின் குளியலறைச் சுவருக்குள் ஒரு கடல் இருந்தது. இரண்டாவது மாடி.

விற்ற தண்டபாணி காலி செய்யும்போது ஃபேன், கீசர், காலிங்பெல், திரை மாட்டும் கம்பி வரை கழற்றிக்கொண்டு போனவர். கடலை மட்டும் விட்டுவிட்டு மேலே பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்.

சுவரில் ஓதம் ஏறியது. கொத்தனார் பூசப் பூச உப்புப் பூத்து உதிர்ந்தது. அந்தச் செலவுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கு உரித்து அவள் சேர்த்த சங்கிலி. கடைசியில் உளி சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

"இது என் வேலை இல்லீங்க," என்று கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

மேகலாவும் பார்த்தாள். அடிவானம் பக்கத்து ஃப்ளாட்டையும் தாண்டிப் போயிருந்தது. ஒரு கப்பல் நின்றிருந்தது. அதற்கும் அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. பிறகு தண்டபாணிக்குப் போன் போட்டாள்.

"மறைச்சு வித்திருக்கீங்க. செலவக் குடுங்க சார். எங்க வீட்ல மொதல்ல படிச்சவ நான். ஏமாறதுக்குப் படிக்கல."

தண்டபாணி ஸ்பேனர் பையோடு வந்தார்.

"இவ்ளோ பெருசாயிடுச்சா! நான் பூசறப்ப வாளி அளவுதான் பாப்பா இருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சேதான் வித்தீங்க?"

"தெரியும். செலவ வாங்கிக்க. கடல நான் எடுத்துக்கறேன். பத்திரத்துல அது இல்ல."

பணத்தை வாஷ்பேசின் மேல் வைத்தார். சங்கிலியை மீட்க அது போதும். பிறகு குனிந்து, கடலின் ஓரத்தைப் பிடித்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டத் தொடங்கினார். அலைகள் மடிப்புக்குள் இரைந்தன. இரண்டு மீன்கள் தரையில் விழுந்தன.

பாதியில் சுருட்டல் நின்றது. இன்னும் சுருட்டாத கடலுக்குள் அம்மா நின்றிருந்தாள். எப்போது இறங்கினாளோ. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காதவள்.

"நகருங்கம்மா," என்றார் தண்டபாணி.

"அலை சத்தத்துல ஒன்னும் கேக்கல."

"அம்மா, சங்கிலி!" என்று கத்தினாள் மேகலா. அது கேட்டது.

"வெறுங்கழுத்துலதான்டி காத்து நல்லா படுது."

மேகலா பணத்தைப் பார்த்தாள். உப்புக் காற்றில் படபடத்தது. பறக்காமலிருக்க அதன்மேல் சோப்புப் பெட்டியை வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே இறங்கி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்ப இழுத்துப் பாருய்யா," என்றாள்.