ஊற்றறையில் இரண்டு பெட்டிகள்

அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு ஆர்ஃபா, ஊற்றின் மேல் கட்டிய ஊற்றறையின் கதவைத் திறந்தாள். வெண்ணெய்ச் சட்டி இருந்தது, பால் கேன் இருந்தது, பாம்புப் பெட்டிகள் இரண்டும் இல்லை.

அவள் வர வேண்டிய நேரம் ஆறு மணி. முக்கால் மணி நேரத்தைக் கோழிக்கறி தின்றுவிட்டது. வருடாந்தரக் கூடுகை என்பதால் அறுபது பேருக்குப் பொரிக்க வேண்டியிருந்தது. பதினொரு வருடங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் பிந்தியதில்லை.

பெட்டிகளை இங்கே வைக்கும் வழக்கம் அவளுக்கும் இந்தக் கல் அறைக்கும் மட்டுமே தெரியும். அவள் புருஷன் வெர்லின், விசுவாசமுள்ளவன் விஷப்பாம்பைக் கையில் எடுத்தாலும் சேதமில்லை என்று நம்பும் பிரஷி ஓடைச் சபையின் பாஸ்டர். வாரத்தில் ஐந்து நாள் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் உபவாசம் இருந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்தால் மறுநாள் காலைதான் வெளியே வருவான். அந்நேரம் ஆர்ஃபா கொட்டகையிலிருந்து இரண்டு பெட்டிகளையும் தூக்கிவந்து, ஊற்றுத் தண்ணீர் ஓடும் கல்மேல் வைப்பாள். ஆகஸ்டிலும் கை மரத்துப்போகும் தண்ணீர் அது. விடிந்ததும் திரும்பக் கொட்டகையில் வைத்துவிடுவாள். பெட்டிக்குள் கிடக்கும் கிலுகிலுப்பை விரியன் விறைத்த கயிறாகிவிடும். சபையில் வெர்லின் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாடுவான். ஜனங்கள் அழுவார்கள்.

இது தொடங்கியது வெர்லினின் அண்ணன் ஹோபர்ட் செத்த வருடத்தில். ஆராதனையில் கடிபட்ட ஹோபர்ட், டாக்டர் வேண்டாம் என்று சொல்லி இவர்கள் வீட்டு சோபாவில் பதினான்கு மணி நேரம் கிடந்தான். வீங்கிய கையிலிருந்து சட்டையைக் கத்தரித்து எடுத்தவள் ஆர்ஃபாதான். அடக்கம் முடிந்த அன்றே, அதே பெட்டியைத் தான் எடுக்கப்போவதாக வெர்லின் சொன்னான். அந்த வாரம் வெண்ணெய் எடுக்க இங்கே வந்தவள், உறைபனிக் காலையில் சுவரோரம் சுருண்டு கிடந்த ஒரு பாம்பைக் கோலால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இப்போது கோழிக்கறிப் பாத்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் சபைக்கு ஓட்டிப் போனாள். வாசலிலேயே அவளுடைய தம்பி டூயி எதிர்ப்பட்டான்.

"அக்கா, பெட்டியத் தேடுனியா? அத்தான் நேத்து மத்தியானம் போன் போட்டு, வெளியூர் ஆளுங்க வர்றாங்க, சீக்கிரமே கொண்டாந்து வையின்னாரு. காலையில வந்து கொட்டகையில பாத்தா காணோம். எவனோ குசும்புக்காரப் பய ஊற்றறையில வச்சிருக்கான். பாவம், ரெண்டும் வெறச்சுக் கெடந்துச்சு."

"இப்ப எங்க?"

"அடுப்பு பக்கத்துலதான். நல்லாக் கரி அள்ளிப் போட்டேன். போய்ப் பாரு, ஜம்முனு எந்திரிச்சு உக்காந்திருக்கு. ஜன்னி கண்டிருந்தா பாம்புக்கு யாரு ஜெபம் பண்றது?" டூயி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

உள்ளே நிலக்கரி அடுப்பு சிவந்து கனன்றது. பெட்டிகளின் மேல் கை வைத்தபடி வெர்லின் முழங்காலில் இருந்தான். வெளியூர் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஆர்ஃபா குனிந்து, "என்னங்க, இதுக்குக் காத்துப்பட வெளிய வச்சிடட்டுமா?" என்றாள்.

அவன் கண் திறக்காமலே, "இருக்கட்டும்" என்றான்.

பெட்டிப் பலகையை அவள் விரல்நுனியால் தொட்டாள். அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த துணிபோலச் சூடாக இருந்தது.

அவளுடைய பயம் புருஷனுக்காக மட்டுமல்ல. மகள் வில்லடீன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இருபத்திரண்டு வயது, பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தனக்கு ஆவியின் அபிஷேகம் வந்துவிட்டது, இந்த ஞாயிறு தானும் பாம்பைக் கையில் எடுப்பேன் என்று புதன்கிழமை சபையில் சாட்சி சொல்லியிருந்தாள். ஆர்ஃபா அப்போதுகூடப் பெரிதாகப் பயப்படவில்லை. ஊற்றறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னறையில் வில்லடீன் சோளரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்டி" என்றாள் ஆர்ஃபா.

"ஆரம்பிச்சிட்டீங்களா? உங்களுக்கு வரலைன்னா எனக்கும் வரக்கூடாதா?"

"அடுத்த வாரம் எடு. நான் குறுக்க வரமாட்டேன்."

"அடுத்த வாரம் வான்னு கர்த்தர்கிட்ட நான் போய்ச் சொல்லவா?" அவள் சிரித்தாள். மூன்று நாள் பட்டினியில் உதடு வெடித்திருந்தது. "பதினொரு வருஷம்மா. அப்பா கையில ஒரு கீறல் உண்டா? ஹோபர்ட் பெரியப்பாவுக்கு விசுவாசம் பத்தலை, போயிட்டாரு. அப்பாவோடது வேற. அதப் பாத்துத்தானே நான் வளந்தேன்."

ஹோபர்ட்டின் விசுவாசத்தில் குறை இருந்ததாக ஆர்ஃபாவுக்குத் தெரியாது. அவனுடைய பெட்டி சூடாக இருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கிதார் சத்தம் எழுந்தது. வில்லடீன் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்ஃபாவும் வந்து வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு ஏற ஏறத் தரைப்பலகை அதிர்ந்தது. மூன்றாவது பாட்டில், விரியன் வாலைக் குலுக்கும் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் உலர்ந்த பீன்ஸைப் போட்டுக் குலுக்குவதுபோல முதலில் ஒரு பெட்டி, அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று. திறக்கும் முன்பே பெட்டி பேசி இந்தச் சபை பதினொரு வருடமாகக் கேட்டதில்லை. முன்வரிசைக் கிழவிகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்லின் பாட்டின் அடியொன்றைத் தவறவிட்டான்.

அதே நேரம் வில்லடீன் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

வெர்லின் பெட்டியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "கர்த்தர் உன்கிட்ட சொன்னாராம்மா?"

"சொன்னாருப்பா."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். கர்த்தர் உன்னிடம் சொல்லவில்லை என்று இன்னொருவரைப் பார்த்துச் சொல்ல அந்தச் சபையில் யாருக்கும் உரிமை கிடையாது, பாஸ்டருக்கும் கிடையாது. அவன் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

ஆர்ஃபா வரிசையை விட்டு எழுந்தாள். இரண்டு கிழவிகளைத் தாண்டி, டூயியின் காலை மிதித்து, முன்னால் போனாள். வில்லடீனின் கை கொக்கியைத் தொடுவதற்குள், பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

கிதார் ஒரு கம்பியில் நின்றது. யாரோ பின்னால் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஆர்ஃபாவின் தொடைக்கு அடியில் பலகை கிறுகிறுவென்று நடுங்கியது.

"ஆர்ஃபா, எந்திரி" என்றான் வெர்லின்.

"மாட்டேன்."

"அம்மா, மானத்த வாங்காதீங்க."

"வில்லடீன், ரெண்டு அடி பின்னால போ. இது சூடா இருக்கு." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் இதுகள ஊற்றுத் தண்ணியில வச்சேன். குளுந்து போனா பாம்பு கடிக்காது, அசையவே அசையாது. குசும்புக்காரப் பய எவனுமில்ல டூயி, நான்தான்."

"அக்கா..." என்றவன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

வெர்லின் குரலை உயர்த்தவில்லை. "எத்தனை நாளா?"

"ஹோபர்ட் போனதிலிருந்து."

"ஒரு வாரம்கூட விடாம?"

"இன்னிக்கு விட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். சுரங்கத்தில் தூண் ஒன்று பழுது என்று சொன்னால் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டான். பிறகு இடதுகைச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

இன்னொரு பெட்டி அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எட்டடி தள்ளி இருந்தது. எழுந்து ஓடினால் எட்டிவிடலாம். ஆனால் வில்லடீன் பின்னால் போகவில்லை. கண்ணில் நீரோடு, கை நீட்டினால் கொக்கி படும் தூரத்தில் நின்றிருந்தாள். ஆர்ஃபா மகளின் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வேண்டாம். நான் பண்ணது தப்பு. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

"உன்மேல கோபம் இல்ல" என்றான் வெர்லின். "இத்தனை வருஷம் எனக்குக் காவல் இருந்தது யாருன்னு நான் தெரிஞ்சுக்கணுமில்ல?"

அந்த இன்னொரு பெட்டியின் மூடியைத் திறந்தான். தயங்காமல் இடதுகையை விட்டான்.

கை பாதி தூரம்கூட உள்ளே போகவில்லை. அடித்தது யாருக்கும் தெரியவில்லை, தோள் ஒருமுறை குலுங்கியதுதான் தெரிந்தது. டூயி பாய்ந்து கோலால் பாம்பை உள்ளே தள்ளி மூடியை அறைந்தான். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு புள்ளிகளிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. வெர்லின் அதை, மணி பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டு நின்றான்.

கடிபட்டவனிடம் ஒரு கேள்வி கேட்பது அவர்கள் வழக்கம். பதில் அவனுடையது, மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். டூயிக்கு நாக்கு குழறியது. "அத்தான்... டாக்டர்கிட்ட போலாமா, ஜெபம் மட்டும் போதுமா?"

ஹோபர்ட் இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். வெர்லின் ஆர்ஃபாவைப் பார்த்தான்.

"உங்க அக்காகிட்ட கேளு" என்றான்.

சபை முழுதும் அவள் பக்கம் திரும்பியது.

"வண்டிய எடுடா டூயி" என்றாள் ஆர்ஃபா.

வில்லடீன் ஓடிப்போய் அப்பாவைத் தாங்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் ஆர்ஃபா எழுந்தாள். தன் பெட்டியின் கொக்கியையும் அடுத்த பெட்டியின் கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

ஆஸ்பத்திரி இரண்டு மலைக்கு அப்பால், நாற்பது மைலில் இருந்தது. பின்சீட்டில் வெர்லின் அவள் தோளில் சாய்ந்திருந்தான். முதல் வளைவு திரும்புகையில், "ஹோபர்ட்டுக்கு முதல்ல எங்க வீங்குச்சு?" என்று கேட்டான்.

"விரல்ல."

அவள் அவனுடைய கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். பட்டை போட்ட தடம் அதற்குள் பள்ளமாகியிருந்தது. முன்சீட்டில் வில்லடீன் வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்ஃபா கல்யாண மோதிரத்தைப் பிடித்து இழுத்தாள். எச்சில் தொட்டுத் திருகினாள். மறுபடி இழுத்தாள். அது விரல் முட்டியைத் தாண்டவில்லை.

"வேகமா ஓட்டுடா" என்றாள்.