அடுப்புக்குத் தப்பிய கூந்தல்

கலாராணி தலை வாரி முடித்ததும், சீப்பில் சிக்கிய முடியை ஒன்றுவிடாமல் எடுத்து உருட்டி, அதன்மேல் மூன்று தரம் துப்பி அடுப்பில் போடுவது பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருக்கும் இராக்கம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல, அவளாகவே எடுத்துக்கொண்டது.

"முழங்கால் வரைக்கும் தொங்குது ஒனக்கு. ஊரு கண்ணெல்லாம் இதுமேலதான். ஒரு முடி எவன் கையிலயாச்சும் கெடச்சிச்சி, செய்வின வச்சிருவான்டி" என்பாள்.

நமுனுகுல மலையடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்தவர்களும் தங்கள் வீட்டு முடியை வெளியே எறிந்ததில்லை.

இருவருக்கும் வேலை தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில். உள்ளே போகுமுன் முடியை முழுவதுமாகத் தொப்பிக்குள் சுருட்டி வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். கலாராணியின் கூந்தல் எந்தத் தொப்பிக்குள் அடங்கும்? ஆகவே தொப்பி தலையில், பின்னல் முதுகில். மேலதிகாரியும் பார்த்தும் பாராதவர் போலப் போய்விடுவார். சலிக்கும் மெஷினின் பெல்ட்டுக்கு மறைப்பு இல்லாததையும் எல்லாரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்!

அந்த வெள்ளிக்கிழமை காலை, கீழே விழுந்த விளக்குமாற்றை எடுக்கக் கலாராணி குனிந்தாள். பின்னல் தோள்வழியே சரிந்து பெல்ட்டில் மாட்டியது. யாரோ ஓடிப்போய் மெஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெற்றியிலிருந்து பிடரி வரை தலைத்தோல் முடியோடு அப்படியே கழன்று வந்துவிட்டது. ஐயோ, எதிரிக்கும் வரக் கூடாத வேதனை அது.

"தேயிலத் தூள அள்ளி அப்புங்க, ரெத்தம் நிக்கும்!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி கை நிறையத் தூளுடன் வந்தே விட்டாள்.

நல்ல வேளையாக மீன்கார றஹீம் வாசலில் இருந்தார். பண்டாரவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்து 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்தார்.

"தூள் ஒன்னும் போடாதீங்க" என்றது போனில் பேசிய ஆணின் குரல். "சுத்தமான துணிய மடிச்சி தலையில வச்சி நல்லா அழுத்திப் பிடிங்க. அம்புலன்ஸ் வருது. கழண்டு வந்த தோல் எங்க இருக்கு?"

எல்லாரும் மெஷினைச் சுற்றித் தேடினார்கள். பெல்ட்டில் அது இல்லை. இராக்கம்மாவையும் காணவில்லை.

றஹீமுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முடியைத் துப்பி எரிக்கும் பழக்கம் அவருக்குத் தெரியாதா என்ன? போனும் கையுமாக, கொழுந்து காய வைக்கும் பெரிய அடுப்புப் பக்கம் ஓடினார். அடுப்பின் கதவு திறந்திருந்தது. இராக்கம்மா கூந்தலை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதபடியே இரண்டாவது தரம் துப்பிக்கொண்டிருந்தாள்.

"இராக்கம்மாக்கா! போட்டுறாதீங்க!"

"நீ போ தம்பி. பச்ச ரெத்தம் பட்ட முடி. மண்ணுலயும் கெடக்கக் கூடாது, மத்தவன் கையிலயும் படக் கூடாது. அவ உசுரையாவது காப்பாத்த வேணாமா?"

"அம்மா, அந்தத் தோல் இன்னும் சாகல" என்றது போன். "பத்திரமா கொண்டுவந்தா டாக்டர்மார் திரும்ப வச்சித் தைக்கலாம். எரிச்சிட்டா யாராலயும் ஒன்னும் செய்ய ஏலாது."

"அந்து போனது எங்கயாச்சும் ஒட்டுமா சாமி? ஒட்டலன்னா?"

"ஒட்டலன்னா அப்புறம் எரிச்சிக்குங்க அக்கா. அடுப்பு எங்க ஓடியா போகுது?" என்றார் றஹீம்.

இராக்கம்மா அடுப்பைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

போன்காரர் சொல்லச் சொல்லச் செய்தார்கள். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் தோலைச் சுற்றினார்கள். புதுப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினார்கள். அந்தப் பையை ஒரு வாளியில் வைத்து, சுற்றிலும் றஹீமின் பெட்டியிலிருந்த ஐஸை நிரப்பினார்கள்.

"மீன் ஐஸ்லயா!" என்று இராக்கம்மா மூக்கைப் பொத்தினாள்.

"பை கட்டியிருக்கு அக்கா. ஐஸ் தோல்ல படாது. படவும் கூடாதாம்."

அம்புலன்சில் கலாராணியோடு வாளியும் ஏறியது. வாளியை மடியில் வைத்துக்கொண்டு இராக்கம்மாவும் ஏறினாள். தேயிலை மலையில் வேலையாக இருந்த கலாராணியின் கணவன் கஜேந்திரன், செய்தி கேட்டு அடுத்த வண்டியில் பதுளைக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் றுஷ்தாவைப் பார்த்ததும் அவனுக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒல்லியான சின்ன உருவம். இந்தப் பிள்ளையா இவ்வளவு பெரிய வேலையைச் செய்யப் போகிறது? டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாக் கொண்டுவந்திருக்கீங்க. சரிவரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணாம விடவும் மாட்டேன்."

அடேயப்பா, அது என்ன வேலை! தேயிலைக் கொழுந்தின் நரம்பைவிட மெல்லிய இரத்தக் குழாய்களைப் பூதக்கண்ணாடியில் தேடிப் பிடித்து, முடியைவிட மெல்லிய நூலால் முனையோடு முனை தைத்தார். தைத்த குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. அவர் சலிக்கவில்லை. அதை வெட்டிவிட்டு, கலாராணியின் காலிலிருந்து சிறிய இரத்தக் குழாய்த் துண்டை எடுத்து வைத்து மறுபடி தைத்தார். பொழுது சாய்ந்தும் ஒரு மிடறு தேநீர் குடிக்கவில்லை. கடைசியில் இரத்தத்தைத் திறந்துவிட்டபோது, வெளுத்துக் கிடந்த தோல் மெல்ல மெல்லச் சிவந்தது. பக்கத்தில் நின்ற தாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்த டாக்டர், "இப்போதைக்கு ரத்தம் நல்லா ஓடுது. முடிய மழிச்சிட்டோம், அது வளரும்" என்றார்.

கஜேந்திரன் காலில் விழப்போனான். அவர் விலகிக்கொண்டார்.

"எனக்கு வேணாம். அதப் பத்திரமாக் கொண்டுவந்தவங்களுக்கு நன்றி சொல்லுங்க. தோல் வரலன்னா நான் எத வச்சித் தைக்கிறது?"

மூலையில் நின்ற இராக்கம்மா உடைந்துபோனாள். "டாக்டரம்மா, நான்தான் அத எரிக்கப் போன பாவி!"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா எரிக்கலயே அம்மா."

மாதங்கள் போயின. கலாராணியின் தலையில் முடி விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. காதோரம் மட்டும் ஒரு தழும்பு. தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு இரும்பு வலை போட்டாகிவிட்டது. கலாராணி மீண்டும் வேலைக்குப் போகும் முதல் நாள் காலை, இராக்கம்மாதான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பில் வந்த நாலு முடியை உருட்டி, மூன்று தரம் துப்பி அடுப்பில் போட்டாள். கூடப் போகக் காத்திருந்த புதிதாக வேலைக்குச் சேர்ந்த விஜயலெட்சுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இவ்வளவு நடந்தும் இன்னும் எரிக்கிறீங்களே அக்கா!"

"சீப்புல வந்தத எரிப்பேன்டி, அது என் பழக்கம்" என்றாள் இராக்கம்மா. "ஆனா வெரலோ தோலோ, ஒடம்புல இருந்து அந்து வந்தத எரிக்கவும் கூடாது, பொதைக்கவும் கூடாது. ஈரத்துணியில சுத்தி, பையில கட்டி, பைய ஐஸ்ல வச்சி, ஆளோட சேத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அது செத்திருச்சின்னு சொல்றதுக்கு நீயும் நானும் யாரு? டாக்டரு சொல்லட்டும்."

சொல்லிவிட்டு விஜயலெட்சுமியின் முதுகைப் பார்த்தாள். அங்கே நீளமாக ஒரு பின்னல் ஆடிக்கொண்டிருந்தது.

"சிரிச்சது போதும். மொதல்ல அத தொப்பிக்குள்ள போடு!"