பிளேடில் ஒரு கீறல்

விமானப் பணிமனையில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நழுவாது. வீட்டிலும் அப்படித்தான் என்பது மாமியாரின் மனக்குறை. "உப்பு ஒரு கல்லு கூடினாலும் இவ மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்று மகனிடம் நொந்துகொள்வார்.

மாமியார் தன் மகளைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறுகிற நாள் அது. புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்பே தயாராகிவிட்டார். வழியனுப்ப மருமகளால் முடியவில்லை. குறிப்பிட்ட வகை எஞ்சின்களின் விசிறி பிளேடுகளைச் சோதிக்காமல் விமானங்களைக் கிளப்பக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. அவள் போய் நின்றதும் மாமியார் ஏறவேண்டிய விமானத்தின் முன்னால்தான்.

கர்ப்பிணிக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான் அந்தச் சோதனையும். பிளேடில் வழவழவென்று ஜெல் தடவி, கருவியை மெல்ல நகர்த்தியபடி திரையைப் பார்க்க வேண்டும். உள்ளே விரிசல் இருந்தால் கோடு துள்ளும்.

ஒரு பிளேடின் அடிப்பக்கத்தில் கோடு துள்ளியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே இடத்தில் மறுபடியும் துள்ளியது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மேலாளர் கையைப் பிசைந்தார். "அழுக்கா இருக்குமோ? எல்லாரும் ஏறத் தயாரா நிக்கிறாங்க."

"வேற ஆளை வச்சும் பாத்துடுங்க சார்."

இன்னொரு பரிசோதகர் தன் கருவியோடு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மயிரிழைதான். ஆனா விரிசல் விரிசல்தான் சார்."

விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் கை கழுவி முடிப்பதற்குள் மாமியாரிடமிருந்து போன்.

"ஏம்மா, இந்தக் கூத்தைக் கேட்டியா? எவனோ ஒரு புண்ணியவான் பிளேடுல கீறல்னு சொல்லிட்டானாம். பிளேடுன்னா கீறத்தானே செய்யும்? அதுக்குப் போய் விமானத்தை நிறுத்துவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "அந்தப் புண்ணியவான் நான்தான் அத்தை."

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே விரிசலா?"

"ஆமா அத்தை. அப்படியே பறந்திருந்தா என்ன வேணாலும் ஆகியிருக்கும்."

அதற்குள் மாமியாருக்குப் பக்கத்தில் யாரோ விமானக்காரர்களைக் கரித்துக்கொட்டுவது போனில் கேட்டது. மாமியார் அந்த ஆள் பக்கம் திரும்பிவிட்டார். "ஏங்க, கொஞ்சம் வாயை மூடுறீங்களா? அதைக் கண்டுபிடிச்சது எங்க வீட்டு மருமக. என் சமையலையே விட்டுவைக்காதவ, எஞ்சினை விடுவாளா?"

மருமகள் அங்கேயே சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானம் சோதனை முடிந்த வேறு விமானம் வந்தது. ஏறுவதற்கு முன் மாமியார் மறுபடி கூப்பிட்டார்.

"இதை யாரு பாத்தது?"

"வேற ஒருத்தர் அத்தை. என்னைவிடக் கெடுபிடி."

"உன்னைவிடவா? பாவம், அவர் வீட்டுல இருக்கிறவங்க!"

சிரித்துக்கொண்டே போனை வைத்தார். அந்த விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியபோது அவள் பணிமனை வாசலில் நின்று, அது மேகத்துக்குள் மறையும்வரை பார்த்தாள். பிறகு அடுத்த எஞ்சினைப் பார்க்க உள்ளே போனாள்.