மருந்தாளுநர் சாப்பிடப் போன நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது. இங்கே மலேசியாவில், ரவாங்கில் நடந்த ஓர் எழுத்தாளர் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கதையை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இருபது வருடமாக எழுதும் என்னை ஒருத்தரும் சீண்டவில்லை. வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலைத் தனேஸ்வரி என்று ஒருத்தியைக் கற்பனை செய்து அவளிடம் இறக்கி வைத்தேன்.

2

தனேஸ்வரிக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் மருந்துக்கடையில் பதினேழு வருட வேலை. காய்ச்சல், தலைவலி, இடுப்புவலி எதுவென்றாலும் செம்பனைத் தோட்டத்துச் சனம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாய் திறக்கும். போன வருடம் பட்டம் படித்த மருந்தாளுநராகப் பிரமிளா வந்தாள். இப்போது எல்லாரும் பிரமிளாவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பிரமிளா திமிர் பிடித்தவள், எப்போது பார்த்தாலும்

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அவள் அப்படி இல்லை. மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் வலி மாத்திரை அலமாரியைத் திறக்கக் கூடாது என்பது விதி. சாப்பிடப் போகும்போது அதைப் பூட்டி, சாவியை "பாத்துக்குங்கக்கா" என்று தனேஸ்வரியிடமே கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த நம்பிக்கைதான் தனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.)

3

செம்பனைக் குலை வெட்டும் நல்லசாமி மூன்று நாள் காய்ச்சலோடு காலையில் வந்தார். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. வழக்கமான வலி மாத்திரையைக் கேட்டார். பிரமிளா தரவில்லை. டிங்கிக் காய்ச்சலாக இருந்தால் அந்த வலி மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும் என்று விளக்கி, காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து, இன்றைக்கே கிளினிக்கில் ரத்தம் சோதிக்கச் சொன்னாள்.

அவர் போகவில்லை. பிரமிளா சாப்பிடக் கிளம்பும்வரை எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்து மறுபடி வந்தார்.

"நேத்து வந்த பிள்ளைக்கு என்னா தெரியும்? ஒங் கை மருந்துதான் எனக்குக் கேக்கும் தங்கச்சி. குடு லா."

ஒரு வருடமாகத் தனேஸ்வரி ஏங்கிக் கிடந்த பேச்சு. சொல்லி முடிப்பதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டாள். மாத்திரை அட்டை இப்போது அவள் கையில்.

4

முதல் முடிவு: கொடுக்கிறாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார். அன்று ராத்திரி அவருக்கு

(வேண்டாம்.)

இரண்டாவது முடிவு: அட்டையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "அந்தப் பிள்ள சொன்னதுதாண்ணே சரி" என்கிறாள். அது சரி என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு வரியை அவள் வாயில் வைக்க ஏழு தடவை முயன்றேன். ஏழு தடவையும் என் கை நின்றுவிட்டது. அவள் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நல்லசாமி நடுங்கிக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். அந்த வரியை நீங்களாவது எழுதிவிடுங்கள். சீக்கிரம்.