சலவை ஆலையில் உறவினர் யாருமில்லை

அண்ணனுக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். பெரிய சலவை ஆலையில் துவைக்கிற இயந்திரங்களுக்கு அவர்தான் மேஸ்திரி. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை எடைபோட்டு வாங்கி வெளுத்துத் தள்ளுவார். பக்கத்துக் கூடத்தில் தம்பி இஸ்திரி போட்டு, மடித்து, எண்ணி அனுப்புவான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவின் பழைய ஸ்கூட்டரைத் தம்பி காயலான் கடையில் போட்டுவிட்டான் என்று சண்டை. "இனிமே நீ யாரோ, நான் யாரோ!" என்று தெருவே கேட்கக் கத்தியவர் அண்ணன்தான்.

சண்டை நடந்த அடுத்த மாதமே தம்பி அதே ஆலைக்கு மனுப் போட்டான். உறவினர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்டிருந்த இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதினான். அவனை இஸ்திரிக் கூடத்தில் பார்த்ததும் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆபீசில் போய்ச் சொல்வதென்றால் 'என் தம்பி' என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்? செத்தாலும் மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! "துணி ஈரமா வருதுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்கக்கா" என்பான் தம்பி. "அவர் இஸ்திரியிலதான் சூடு பத்தலன்னு சொல்லும்மா" என்பார் அண்ணன். துணி கைமாறுகிற வாசலில் இருவரும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் துணிவண்டி தள்ளுகிற பெண்.

சில வருஷம் கழித்துப் புதுக் காப்பீட்டு அட்டை எழுதும்போதுதான் இருவருக்கும் அப்பா அம்மா பெயர் ஒன்றாக இருப்பதை மேனேஜர் பார்த்தார். வாங்குகிறவரும் அனுப்புகிறவரும் சொந்தக்காரர்களாக இருந்தால் விரிப்புகளுக்குக் கால் முளைத்துவிடுமாம். பொய் எழுதி வேலையில் சேர்ந்தான் என்று தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தொழிற்சங்கம் விடவில்லை. விவகாரம் நடுவரிடம் போனது.

நடுவர், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். ஆலையின் மாடியறையில் விசாரணை. படியேறும்போதே சங்கச் செயலாளர் அண்ணனின் காதைக் கடித்தார். "அவன் எழுதினப்போ உங்களுக்குள்ள உறவே இல்லன்னு சொல்லுங்க, போதும். பொழச்சுடுவான்."

இது ஒரு பெரிய விஷயமா? வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான வசனம்.

"இவர் உங்களுக்கு யாரு?" என்று நடுவர் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். எதிரே தம்பி உட்கார்ந்திருந்தான். ஊர்த் துணியெல்லாம் தேய்த்தவன், கசங்கின சட்டையோடு, முகம் வற்றிப்போய். அந்தப் பாழாய்ப்போன வசனம் வரவே இல்லை.

"யாருமில்லன்னு சொல்லச் சொல்லுங்கம்மா" என்றான் தம்பி, நடுவரைப் பார்த்து.

"எனக்குச் சொல்லத் தெரியும்னு சொல்லுங்கம்மா!"

"நான் என்ன தபால்காரியா?" என்று நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என் கூடப் பொறந்தவன்மா!"

மேனேஜர் மேசையைத் தட்டி, "கேட்டீங்களா!" என்றார். செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மனுப் போட்ட அன்னைக்கு?" என்றார் நடுவர், விடாமல்.

"அன்னைக்கும் தம்பிதான். நான்தான் நடுத்தெருவுல நின்னு நீ யாரோ நான் யாரோன்னு கத்தினேன். மூத்தவன் சொல்றானேன்னு அவன் நம்பி எழுதிட்டான். பொய் சொன்னது நான்மா, அவன் இல்ல."

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பை எழுதினார். ஏமாற்றுகிற எண்ணத்தில் எழுதியதல்ல, வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அண்ணன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"ஆனா இப்ப உறவுன்னு ஒத்துக்கிட்டாச்சு. ஆலை விதிப்படி ஒரே ஷிப்டுல இருக்கக் கூடாது. ஒருத்தர் பகல், ஒருத்தர் ராத்திரி."

அண்ணனுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வேலை நேரம் முழுக்க ஓரக்கண்ணால் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானமான அன்றைக்கா பிரிக்க வேண்டும்?

"அம்மா, சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்! இவன் எனக்கு யாருமில்ல! இவன் மூஞ்சியை நான் பாத்ததே இல்ல!"

தம்பி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகும், பேசாம இரு. இப்பத்தான் வேலை திரும்பக் கிடைச்சிருக்கு."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் இறங்கிப்போன பிறகும் கையை மட்டும் விடவில்லை. அறையைப் பூட்ட வேண்டும் என்று மேனேஜர்தான் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.